ஒரு பிள்ளை எடை

கீரனூத்துச் சந்தையில் வேலை பார்க்கும் செவந்தியின் மண் உண்டியல் ஒரு பிள்ளையின் எடைக்கு வந்துவிட்டது என்ற செய்தி பரவிய காலையில், அந்த ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வெங்காய மண்டிக்காரர்களும், தக்காளிக் கமிஷன்காரர்களும், முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்த பெண்களும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"சாக்கோடயா, சாக்கு கழிச்சா?"

ஏனென்றால் அது எடையால் பிழைக்கும் ஊர். விடிந்தும் விடியாமலும் சுற்றுப்பட்டிக் காடுகளிலிருந்து வந்து இறங்கும் காயெல்லாம் அங்கே ஒரு முறை தராசில் ஏறித்தான் வெளியூர் போகும். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூடப் பையனைக் கண்ணால் தூக்கிப் பார்த்து, இவன் இன்ன எடை இருப்பான் என்று மனதுக்குள் சீட்டுப் போட்டுவிடுகிற ஜனங்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு வந்த அதிசயம் எடையில் வந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேறு ஊருக்குப் போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே ஆளிருந்திருக்காது என்று பேசிக்கொண்டார்கள்.

செவந்திக்கு வேலை, பைபாஸ் ஓரத்தில் இருந்த லாரி எடை மேடையில். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லோடு ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும் சிவப்பு எழுத்தில் வருகிற எடையைச் சீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். லாரியைவிடச் சின்னதாக எதையும் அந்த மேடை சட்டை செய்யாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளை லோடு வேன் ஓட்டுகிற காசிராசனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அவன் கெட்டவன் என்று செவந்தி யாரிடமும் சொன்னதில்லை. அவள் கெட்டவள் என்று அவனும் சொல்லியிருக்க மாட்டான். ஆனாலும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி இருந்தார்கள். மகள் கனிஷ்காவுக்கு மூன்று வயது முடிந்து சில மாதம் ஆகியிருந்த சமயம், செவந்தி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், ரெண்டு நாள் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைமேல் மேல்சோலையில் இருந்த தன் அக்கா ராசாத்தியிடம் விட்டவன், அப்படியே கேரளாவுக்கு ஜேசிபி ஓட்டப் போய்விட்டான்.

ராசாத்திக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு துண்டு பூண்டுக் காடு மட்டும் இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்ட அன்றைக்கே அவள் வாசல் படலை இழுத்துச் சாத்திவிட்டாள். செவந்தி மலையேறிப் போய்க் கூப்பிட்டபோதெல்லாம் படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எந்தம்பி வந்து சொல்லட்டும், தர்றேன்" என்ற ஒரே வார்த்தையைச் சொன்னாள். தம்பி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனாள் செவந்தி. கோர்ட் தேதி கொடுத்தது, அந்தத் தேதி வந்ததும் இன்னொரு தேதி கொடுத்தது.

அப்படித் தேதிகளுக்கு நடுவே வந்த மாரியம்மன் நோன்பில்தான் அவள் ஒரு மண் உண்டியல் வாங்கினாள். பூசணிக்காய் மாதிரி உருண்டையாக, நெற்றியில் ஒரு கீறல் விட்ட, உடைத்தால் ஒழிய எடுக்க முடியாத சாதாரண உண்டியல். சனிக்கிழமை கூலி வாங்கியதும் வாடகைக்கும் அரிசிக்கும் போக மிச்சத்தை மடித்து அந்தக் கீறலுக்குள் விட்டுவிடுவாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "பிள்ளைக்கு" என்றாள்.

அவளுடைய அண்ணன் வீரணனுக்கு அது பிடிக்கவில்லை. கறிவேப்பிலை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாள் கூண்டுக்கு முன்னால் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டுச் சொன்னான். "ஏத்தா, கண்ணுல பாக்க முடியாத பிள்ளைக்கு எதுக்குத்தா காசு சேக்குற? நாளைக்கு அதுக்கு ஒன் மொகமே ஞாபகம் இருக்காது. அந்தக் காச வச்சு ஒங்காதுல ஒரு தோடு வாங்கிப் போடு. வேற எடம் பாக்கலாம்."

"மொகம் ஞாபகம் இல்லாட்டிப் போகுது அண்ணே" என்றாள் செவந்தி. "வந்து நிக்கிறப்ப எங்கை வெறுங்கையா இருக்கக் கூடாது."

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். வீரணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அது நடந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு மெழுக உண்டியலை மூலையிலிருந்து எடுத்தபோது, செவந்தியின் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிந்து அதற்கு இடம் கொடுத்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம் என்று குனிந்தவள் இரண்டு கையும் கொடுத்து எடுத்திருந்தாள். சில்லறைக்கு அந்தக் கனம் கிடையாது. அவள் போட்டது பாதிக்கு மேல் நோட்டு. செங்கல்லின் கனமும் இல்லை, தண்ணீர்க் குடத்தின் கனமும் இல்லை. தூங்குகிற பிள்ளை தோளில் சரிகிறபோது ஒரு பக்கமாகக் கூடுமே, அந்தக் கனம். கடைசியாகத் தூக்கியதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. வளர்ந்திருக்கிறாள் என்று செவந்தி நினைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உண்டியலை இடுப்பில் வைத்தபடியே வீட்டை ஒரு கையால் மெழுகி முடித்தாள்.

அடுத்த வாரமே விஷயம் வெளியே வந்தது. வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஜெய்லானி பாய், ஊர் முழுக்க நம்புகிற தராசுக்குச் சொந்தக்காரர், உண்டியலைத் தன் தராசில் வைத்துப் பார்த்தார். எடையைப் பார்த்தார், உண்டியலைப் பார்த்தார், ஒரு ரூபாய் நாணயத்தைக் கீறலுக்குள் போட்டுவிட்டு மறுபடி எடையைப் பார்த்தார். எடை அசையவில்லை. கைநிறையச் சில்லறை போட்டார். அப்போதும் அசையவில்லை.

"தங்கச்சி, இது உள்ள இருக்கிறதோட எடை இல்ல" என்றார். "இது வேற எங்கயோ இருக்கிறதோட எடை."

"அப்பிடித்தான் எனக்கும் தோணுச்சு பாய்."

"போட்ட சில்லறை எனக்குத் திரும்பி வேணாம்" என்று சொல்லிவிட்டு, பாய் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். வியாபார நேரம்.

அதற்குப் பிறகு ஊர் அந்த உண்டியலைத் தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டது. பால்வாடி டீச்சர் குணவதி, தன் எல்லைக்குள் இருக்கிற எந்தப் பிள்ளையும் எடை போடாமல் விட்டுப்போகக் கூடாது என்ற பிடிவாதக்காரி. மாசாமாசம் உண்டியலைக் கொண்டுவரச் சொல்லி, தொட்டில் தராசில் தொங்கவிட்டு, கனிஷ்கா பெயரில் ஒரு வளர்ச்சி அட்டை போட்டு அதில் புள்ளி வைத்தாள். புள்ளி பச்சைப் பட்டைக்குள் விழுந்தால் அவள் முகம் மலரும். மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ஆயா கேட்டதற்கு, "வந்து தூக்கிப் பாக்கச் சொல்லு" என்றாள். சத்துமாவுப் பாக்கெட்டை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் யோசித்தாள். கடைசியில் அதைச் செவந்தியிடம் கொடுத்து, "நீ சாப்பிடு, பெத்தவ ஒடம்புல ஒட்டட்டும்" என்றாள்.

செவந்தி ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் உண்டியலைத் தனியே வீட்டில் விட்டுப்போவதை முருங்கைக்காய் கட்டுகிற பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். ஒருத்தி கட்டு கட்டும்போது இன்னொருத்தி மடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்கு வேலை வந்தால் வெங்காயம் புடைக்கிறவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டிக்கும் டீக்கடைக்குமாக நடப்பாள். மழை தூறினால் முந்தானையால் மூடுவார்கள். வெறும் சிமெண்டுத் தரையில் யாராவது வைத்துவிட்டால், சளி பிடிக்கும் என்று சண்டைக்குப் போவார்கள். லோடுமேன்கள் அந்தப் பக்கம் மூட்டையோடு போகும்போது கெட்ட வார்த்தையைப் பாதியில் முழுங்கப் பழகினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வெளியூர்த் திருடன் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரை ஓட்டமாக ஓடியவன், ரயில்வே கேட் பக்கம் வரும்போது மெதுவாக நடந்துகொண்டிருந்தான், கேட்டைத் தாண்டியதும் ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் பால்வாடி வாசலில் உண்டியல் இருந்தது, மேலே ஒரு துண்டு போர்த்தி. துண்டு புதுசு.

ஊரில் மற்றவர்களும் உண்டியல் வாங்க ஆரம்பித்தார்கள். தோஹாவில் இருக்கிற மகனுக்காக வாங்கினார்கள், ஹாஸ்டலில் சேர்த்த தங்கச்சிக்காக வாங்கினார்கள். பூண்டுத் தரகர் நாச்சிமுத்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் இஷ்டப்பட்டவனோடு போய்த் தாலி கட்டிக்கொண்ட மகளின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தவர், அவரும் ஒன்று வாங்கினார். அந்த உண்டியல்களெல்லாம் உள்ளே விழுந்த காசின் எடையைத்தான் காட்டின. ஒரு குன்றிமணி கூடக் கூடவில்லை. ஆனாலும் யாரும் போடுவதை நிறுத்தவில்லை. "எடை வராட்டிப் போகுதுய்யா" என்று நாச்சிமுத்து டீக்கடையில் சொன்னார். "அவளுக்குன்னு வீட்டுல ஒரு எடம் ஆச்சுல்ல."

செவந்திக்கு அந்த நாட்கள் நல்ல நாட்கள். மகளைப் பார்க்க முடியவில்லை, ஆனால் அவள் சாப்பிடுகிறாள், வளர்கிறாள் என்று தெரிந்தது. ராசாத்தியின் மேல் இருந்த கோபத்தில்கூட ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. சாத்திய படலுக்குப் பின்னால் அவள் பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு ஊட்டுகிறாள் என்பதற்கு இடுப்பில் இருந்த உண்டியல் சாட்சி.

ஆடிக் காற்று ஆரம்பித்து, சந்தைக்குள் தூசி சுழன்றடித்த ஒரு காலையில், உண்டியலை முதலில் வாங்கிக்கொள்ளும் முருங்கைக்காய்க்காரி கை நீட்டி வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏடி செவந்தி, கொறையுதே."

செவந்திக்கு அது முந்தின நாளே தெரிந்திருந்தது. சொன்னால் உண்மையாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தாள்.

குணவதி டீச்சர் அட்டையை விரித்துப் புள்ளி வைத்தாள். பச்சைக்குள் இருந்த கோடு மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. டீச்சர் அட்டையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "போன் போடு" என்றாள். செவந்தி போட்டாள். ராசாத்தி எடுக்கவில்லை. ஜெய்லானி பாயின் போனிலிருந்து போட்டார்கள், மேல்சோலைக்குப் பூண்டு எடுக்கப் போகிற லாரிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். மலையில் மழை, வீடு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றே தெரியவில்லை என்று பதில் வந்தது. அதற்குள் உண்டியல் இன்னும் இளைத்தது. தூக்கினால் எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது என்று ஒரு பெண் சொன்னாள். மண் உண்டியலுக்கு ஏது எலும்பு என்று யாரும் கேட்கவில்லை.

வீரணன் வந்தான். "ஏத்தா, ஒடச்சு காச எடு. கார் பிடிப்போம், போலீசோட போவோம்."

"ஒடைக்காதீங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். "ஒடச்சா அங்க பிள்ளைக்கு என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். ஜெய்லானி பாய் மட்டும் சத்தம் போடாமல், "நம்ம சூசை வண்டி மேல்சோலைக்குக் காலி வண்டியாப் போகுது. ஏறிக்கம்மா" என்றார். செவந்தி உண்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். கூண்டில் அன்றைக்கு யார் சீட்டுக் கொடுப்பது என்று அவள் யோசிக்கவில்லை. பிறகு கேட்டபோது வீரணன் உட்கார்ந்து கொடுத்தான் என்று தெரிந்தது, எல்லா லாரிக்கும் தப்பும் தவறுமாக.

மலை ஏற ஏற மழை கனத்தது. டிரைவர் சூசை பேச்சுக்காரர்; ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஓரக்கண்ணால் அவள் மடியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மேல்சோலைக்குள் லாரி நுழைந்து ராசாத்தியின் காட்டோரம் திரும்பியபோது, படல் திறந்தே கிடந்தது. தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி ரோட்டுக்கு ஓடிவந்து லாரியை மறித்தாள்.

"வண்டி கீழ போகுமா? பிள்ளைக்குச் சொகமில்ல, ஏத்திக்கங்க சாமி, போகுமா?"

இறங்கி நின்றவள் யாரென்று அவள் பார்க்கவே இல்லை. செவந்தி "மதினி" என்று கூப்பிட்ட பிறகுதான் பார்த்தாள். படலைச் சாத்த அவளுக்குக் கை இல்லை. இரண்டு கையும் பிள்ளையின் முதுகில் இருந்தது.

"மஞ்சக்காமாலை" என்றாள் ராசாத்தி. "கீழாநெல்லி அரச்சுக் குடுத்தேன், பத்தியம் வச்சேன். நேத்து வரைக்கும் பேசுனா. இன்னைக்குக் காலைலருந்து கூப்பிட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. மழையில ஒரு வண்டி வரல செவந்தி, ஒரு வண்டி வரல." பிறகு, யாரோ அடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஒனக்குச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றாள்.

"ஏறுங்க மதினி" என்றாள் செவந்தி.

லாரியின் முன்பக்கம் சின்னது. ராசாத்தி பிள்ளையோடு நடுவில் உட்கார்ந்தாள், செவந்தி உண்டியலோடு ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வளைவு வரைக்கும் அப்படியே போனார்கள். செவந்தி மகளின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விட்ட பாதத்தைவிட நீளமாக, நகத்தில் பழைய மருதாணிச் சிவப்போடு, தெரியாத பாதம். தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வளைவில் ராசாத்தி சொன்னாள். "அத இப்பிடிக் குடு. பிள்ளைய நீ வாங்கிக்க."

அந்த ஓடுகிற வண்டிக்குள் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். கனிஷ்கா காய்ச்சல் சூட்டோடு செவந்தியின் மார்பில் வந்து விழுந்தாள்; எடை கை கண்ட எடை, ஆனால் உண்டியலுக்கு இல்லாத தலைமுடியும் மூச்சும் வேர்வையும் அதற்கு இருந்தது. ராசாத்தி உண்டியலை மடியில் வாங்கினாள். லாரிக்காரர்கள் சொல்லி அவள் அந்தக் கதையைக் கேட்டிருந்தாள், கேட்டபோது சிரித்திருந்தாள். இப்போது மடியில் அது இறங்கியதும் அவள் சிரிக்கவில்லை. ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள், பக்கத்தில் பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி தூக்கிப் பார்த்தாள். தினமும் குளிப்பாட்டித் தூக்கியவளுக்குத் தெரியாதா.

"இத்தன நாளும் இதத் தூக்கிக்கிட்டா இருந்த?" என்றாள்.

"ஆமா மதினி."

ராசாத்தி உண்டியலின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அடிவாரம் வரைக்கும் நிமிரவில்லை.

அடிவாரத்தில் இருந்த முதல் ஆஸ்பத்திரியிலேயே வண்டியை நிறுத்தினார் சூசை. டாக்டரம்மா பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே எடுத்துக்கொண்டார். நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், ரத்தம் சோதிக்க வேண்டும், சில நாள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். ராசாத்திக்குக் காசிராசன் அனுப்பிக்கொண்டிருந்த பணம் தைப் பொங்கலோடு நின்றுபோயிருந்தது. ராசாத்தியின் கையில் பூண்டு விற்ற சொச்சம் கொஞ்சம் இருந்தது. செவந்தி எழுந்து உண்டியலுக்குக் கை நீட்டினாள்.

ராசாத்தி கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். "வேணாம் செவந்தி. ஒடச்சா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும். காட்ட அடகு வைக்கிறேன், என் காதுத் தோட்ட வச்சிக்க, இத ஒடைக்காத."

செவந்திக்கும் பயமில்லாமல் இல்லை. மஞ்சள் விழுந்த கண்ணோடு உள்ளே கிடந்தவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்த உண்டியலைத் தவிர அவளிடம் மகள் என்று எதுவும் இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்தது; அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை உடம்பு இன்னும் நம்பவில்லை.

"சேத்ததே அவளுக்குத்தான் மதினி" என்றாள். "பிள்ளை உள்ள இருக்கா. இது மண்ணு. குடுங்க."

ஆஸ்பத்திரி வாசல்படியில், மழை விட்டுக் கிடந்த வெயிலில், சூசை விரித்துப் போட்ட துண்டின்மேல் அவள் அதைப் போட்டாள். உண்டியல் சாதாரண உண்டியல் உடைகிற சத்தத்தோடு உடைந்தது. இரண்டு பெண்களும் காசைப் பார்க்கவில்லை, உள்ளே ஓடினார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ், "என்ன, என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காசைப் பொறுக்கியது சூசைதான். செவந்தி போட்டதைவிட அதில் நிறைய இருந்தது. அவள் வேலையில் இருந்த மத்தியானங்களில், இடுப்பில் வைத்து நடந்த ஒவ்வொருத்தியும், தராசில் வைத்த ஒவ்வொருவரும், எடைதான் மாறப் போவதில்லையே, யாருக்குத் தெரியப் போகிறது என்று போட்டது: வெங்காயத் தோல் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டுகள், சுருட்டி நூல் கட்டிய நூறு, கத்தார் நாணயம் ஒன்று, யாருடையது என்று கடைசிவரை தெரியாத ஒரு மூக்குத்தி. முன்பணத்துக்குப் போதும் என்றார் சூசை. பிறகு, போக மிச்சமும் இருக்கும் என்றார்.

இனி நடந்ததைச் சொல்லிவிடலாம், ஒன்றும் ஒளிக்கிறதற்கில்லை. கனிஷ்கா பிழைத்துக்கொண்டாள். கோர்ட்டில் அடுத்த தேதிக்கு இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினார்கள். வக்கீல் எதற்கோ எழுந்தவர் அவர்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிள்ளை அம்மாவோடு கீரனூத்தில் இருப்பது, பள்ளிக்கூட லீவு விட்டால் அத்தையோடு மேல்சோலையில் இருப்பது என்று ஆனது. காசிராசன் ஒரு தரம் வந்து, பொம்மைக் கார் ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். அவள் கார் விளையாடுகிற வயதைத் தாண்டியிருந்தாள், ஆனாலும் வாங்கிக்கொண்டாள். நாச்சிமுத்துவின் மகள் இன்னும் வரவில்லை. அவர் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உடைந்த ஓடுகளை ஜெய்லானி பாய் தராசில் வைத்துப் பார்த்தார். ஓட்டின் எடைதான் இருந்தது. அதைப் பற்றியும் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது அந்த ஆஸ்பத்திரியில், மறுநாள் காலை பிள்ளை கண் விழித்தபோது நடந்தது.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் ராசாத்தியும் அந்தப் பக்கம் செவந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். கனிஷ்கா முதலில் ராசாத்தியைப் பார்த்து "அத்த" என்றாள். பிறகு தலையைத் திருப்பி, அந்தப் பக்கம் இருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தாள். செவந்தி தன் முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?" என்றாள் பிள்ளை.

பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூக்கைச் சுருக்கி, செவந்தியின் சேலைப் பக்கம் மோந்து பார்த்தாள்.

"வெங்காய வாசம்" என்றாள். "தூங்குறப்ப என்னையத் தூக்கிட்டு நடப்பாங்கல்ல, அவங்களா நீங்க?"

"நானுந்தான்" என்றாள் செவந்தி. "இன்னும் நெறையப் பேரு உண்டு."

"அது அம்மாடா" என்று ராசாத்தி சொன்னாள், தெளிவாக. "ஒன்னோட அம்மா. அத்ததான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

கனிஷ்கா அதை யோசித்துப் பார்த்தாள். அந்த வயதுக்கு அது பெரிய சேதி. அவள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது. "பசிக்குது" என்றாள்.

பல நாளாகச் சோறு என்றால் முகத்தைத் திருப்பியவள் சொன்ன அந்த வார்த்தைக்கு, இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். செவந்தி கதவு வரைக்கும் போய்விட்டாள். மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், தயிர்சோற்றில் சீனி போட்டுப் பிசைந்து, உருட்டி, கொடுக்காப்புளி அளவுக்கு. கதவில் கை வைத்தபடி அவள் நின்றாள். கட்டிலில் இருந்தது மூன்று வயசுப் பிள்ளை இல்லை. நடுவில் போன நாட்களில் அவள் எதையெல்லாம் தின்னப் பழகினாள், எதைத் துப்பினாள், எது அவளுக்கு ஆகாது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

செவந்தி திரும்பினாள்.

"இப்ப என்ன மதினி சாப்பிடுவா?"

ராசாத்தி அவளையே பார்த்தாள். அவள் எதற்கெல்லாமோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள். ஏன் ஒளித்தாய், ஏன் போனை எடுக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று வரப்போகும் எல்லாவற்றுக்கும். இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மெதுவாக, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இட்லி சாப்பிடுவா. சூடா இருக்கக் கூடாது, ஆறியும் போயிருக்கக் கூடாது. ஓரத்தப் பிச்சுட்டு நடுவ மட்டும் குடுக்கணும். ஓரத்த நாந்தான் தின்னுவேன். மொத வாய மட்டும் ஊட்டணும், பெறகு தானாத் தின்னுக்குவா, தொட்டா கோவம் வந்துரும். தண்ணி எடது பக்கம் வைக்கணும்..."

"இருங்க மதினி" என்றாள் செவந்தி. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மொதல்லருந்து சொல்லுங்க."